கார்பன் பதிமூன்று

சென்னைக் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது கனகலட்சுமி பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ராஜபாளையத்தில் அவர்கள் வீட்டின் முன்னறைதான் தேன் பாக்கிங் செய்யும் இடம். அவள் கணவன் விக்னேஸ்வரன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஒரு பாட்டிலைத் துணியால் துடைத்தபடியே பேசினான். கொஞ்ச நேரத்தில் துடைப்பது நின்றுவிட்டது.

"சார், மார்கழியில நீங்க அனுப்புன லாட் ஃபெயில். கரும்புச் சர்க்கரை கலந்திருக்குன்னு லேப்ல சொல்றாங்க."

"எங்க தேன்லயா? தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாருங்க சார். கரையாம நேரா அடியில போய் நிக்கும். திரியில தொட்டுக் கொளுத்திப் பாருங்க…"

"அதெல்லாம் டெஸ்டே இல்ல சார். இது ஐசோடோப் டெஸ்ட். கார்பன் பதிமூணு எவ்வளவு இருக்குன்னு பாக்குறது. அதை ஏமாத்த முடியாது. சரக்கைத் திருப்பி அனுப்புறோம்."

ஏமாத்த முடியாது என்ற சொல் அறைக்குள்ளேயே நின்றது. விக்னேஸ்வரன் பாட்டிலைக் கீழே வைத்தான். அவன் முதலில் பார்த்தது கனகலட்சுமியின் முகத்தை. அந்தப் பார்வை தனக்கானதல்ல, வத்திராயிருப்பில் இருக்கும் தன் தம்பிக்கானது என்று அவளுக்கு உடனே தெரிந்தது.

தொழிலில் அவர்கள் மூன்றே பேர். மலையடிவாரத்து மாந்தோப்புகளில் தேனீப் பெட்டிகளை வைத்துப் பராமரித்து, தேன் எடுத்துத் தருவது அவள் தம்பி முத்துப்பாண்டி. வடிகட்டி, பாட்டிலில் அடைத்து, விற்பது விக்னேஸ்வரன். இரண்டுக்கும் நடுவில் கனகலட்சுமி.

"ஐப்பசி மழையில ஒன் தம்பி மூடை மூடையா சீனி வாங்கினான்லா?" என்றான் விக்னேஸ்வரன்.

"அது பூவில்லாத நேரத்துல தேனீ செத்துப்போயிரக் கூடாதுன்னு பாகு காச்சி வைக்கிறது. ஒங்ககிட்டச் சொல்லிட்டுத்தானே வாங்கினான்."

"வாங்கினதச் சொன்னான். பூ வந்த பொறவு நிப்பாட்டினானான்னு யாரு கண்டா?"

நிப்பாட்டினானா என்று அவளும் பார்க்கவில்லை.

மறுநாள் விக்னேஸ்வரன் கடைவீதிக்குப் போன நேரத்தில் முத்துப்பாண்டியே கூப்பிட்டான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காத. பாக்கிங் ரூம்ல கட்டிலுக்கு அடியில ஒரு வெள்ளை கேன் கெடந்துச்சே. அது என்னது?"

அந்தக் கேனை அவளும் பார்த்திருந்தாள். கண்ணாடி மாதிரித் தெளிவாக, தேனைவிடக் கெட்டியாக இருக்கும் குளுக்கோஸ் பாகு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்வீட் கடை வைத்திருக்கும் நவநீதகிருஷ்ணன் இறக்கி வைத்துவிட்டுப் போனது என்று விக்னேஸ்வரன் சொல்லியிருந்தான். பிறகு ஒருநாள் அது அங்கே இல்லை. எப்போது போனது, யார் எடுத்துப் போனார்கள் என்று அவள் கேட்டதில்லை.

"அது மச்சானோட பிரண்டு வச்சது."

"மச்சான் சொன்னாரு, நீ நம்பிட்ட. சரி. நான் ஒவ்வொரு தடவ தேன் எடுக்கும்போதும் ஒரு பாட்டில் தனியா எடுத்து வச்சுட்டு வாரேன். எப்பவாச்சும் சாட்சிக்கு வேண்டிவரும்னுதான்."

"எப்ப இருந்துலே?"

"அந்தக் கேனப் பாத்ததுல இருந்து."

அப்படியென்றால் தம்பி இத்தனை மாதமாக அவள் வீட்டில் சோறு தின்றுகொண்டே, அவள் புருஷனைக் கள்ளன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். போனை வைத்தபின் அவள் முன்னறையில் இருந்த தேன் டிரம்மின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். தேன்தான். சீனி கலந்திருந்தால் நாக்குக்குத் தெரியுமா? இதெல்லாம் டெஸ்டே இல்லை என்றுதானே சென்னைக்காரர் சொன்னார். வாசலில் பைக் சத்தம் கேட்டதும் மூடியை அவசரமாக அழுத்தினாள். தான் ஏன் பதறுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"போன்ல யாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் விக்னேஸ்வரன்.

"தம்பி."

"என்ன சொல்லுதான்?"

"ஒண்ணுமில்ல."

அவன் அவளை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் போன் மணி அடித்தாலே இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கவனிக்கத் தொடங்கினார்கள். அவன் குளிக்கப் போனால் அவள் அவனுடைய போனைப் பார்ப்பாள். அவள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் அவன் படியருகே வந்து நின்று, யாரிடமாவது பேசுகிறாளா என்று காது கொடுப்பான். தம்பி பொய் சொல்கிறான் என்று ஒருநாள் தோன்றும். புருஷன் பொய் சொல்கிறான் என்று மறுநாள் தோன்றும். இரண்டு பேரில் யாரோ ஒருவர் தன்னை முட்டாளாக்குகிறார் என்பது மட்டும் மாறவே இல்லை.

ஏமாத்த முடியாது என்கிற அந்த டெஸ்ட் என்னதான் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இனி முடியாது என்று அவளுக்குப் பட்டது. பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த அனுசியா இப்போது ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கனகலட்சுமி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள்.

ரதவீதியை ஒட்டிய சந்தில் அனுசியாவின் வீடு. விடைத்தாள் கட்டுகளை நகர்த்திவிட்டு இடம் கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"ஏட்டி, இதுல ஒனக்கு யாரு மேல சந்தேகம்?"

"அதச் சொல்றதுக்கு முன்னாடி, கார்பன் பதிமூணுன்னா என்னன்னு சொல்லு. அது வெசமா?"

"வெசமெல்லாம் இல்ல. ஒன் ஒடம்புலயும் இருக்கு, இந்தச் சொவத்துலயும் இருக்கு." அனுசியா ஒரு பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் இரண்டு வட்டம் போட்டாள். "அணுவுக்கு நடுவுல ஒரு கரு இருக்கும். அதுல புரோட்டான் ஆறு இருந்தா அது கார்பன். அஞ்சு இருந்தா வேற பொருள், ஏழு இருந்தாலும் வேற பொருள். ஆறுங்கிறதுதான் அதோட பேரு. புரியுதா?"

"ம்."

"அந்தக் கருவுக்குள்ளயே நியூட்ரான்னு இன்னொண்ணும் கூட இருக்கும். அதுக்கும் பேருக்கும் சம்பந்தமில்ல, கனத்தைத்தான் கூட்டும். பெரும்பாலான கார்பன்ல நியூட்ரானும் ஆறு. ஆறும் ஆறும் பன்னெண்டு. அது கார்பன் பன்னெண்டு. நூத்துக்கு ஒண்ணுங்கிற மாதிரி சிலதுல நியூட்ரான் ஏழு இருக்கும். அது கார்பன் பதிமூணு. ஒரே பொருள், கனம் மட்டும் வேற. அப்படி இருக்கறதத்தான் ஐசோடோப்புன்னு சொல்றோம்."

கனகலட்சுமி கல்யாணத்துக்கு முன் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவள். அவள் யோசித்துச் சொன்னாள். "எங்க மில்லுல ஒரே கவுண்ட், ஒரே தடிமன் நூல்தான், ஒரே மெஷின்தான். ஆனா தராசுல வச்சா நூல் சுத்துன ஒரு கோன் கொஞ்சம் கனமா நிக்கும். அந்த மாதிரியா?"

"கோன் ஏன் கனமா இருக்கும்?"

"ஈரம் ஏறியிருக்கும்."

"ஈரம் காஞ்சு போயிரும்லா. இது காயாது. காச்சினாலும் போகாது, வடிகட்டினாலும் போகாது. கருவுக்குள்ளேயே இருக்கற கனம். அதனாலதான் ஒளிக்க முடியாதுங்கறாங்க."

"ருசி மாறுமா?"

"மாறாது. எரிஞ்சாலும் ஒண்ணு போலத்தான் எரியும். நாக்குக்கும் தெரியாது, தீக்கும் தெரியாது. கனத்தை அளக்கற மெஷினுக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப கரும்பு எங்க வருது இதுல?"

"செடியெல்லாம் காத்துல இருந்துதான் கார்பனை எடுக்குது. மா, புளி, வேம்பு மாதிரி பெரும்பாலான மரமெல்லாம் எடுக்கும்போதே கனமானதக் கொஞ்சம் கழிச்சிரும். கரும்பும் மக்காச்சோளமும் வேற மாதிரி. அதுக அம்புட்டு கழிக்காது. அதனால சீனியில கார்பன் பதிமூணு துளி கூடுதலா இருக்கும். பூத்தேன்ல கம்மியா இருக்கும். ஒங்க தேன்ல பூந்தூள் வழியா வர்ற புரதத்தத் தனியாப் பிரிச்சு அளந்தா மாந்தோப்பக் காட்டுது. சர்க்கரைய அளந்தா கரும்புப் பக்கம் சாயுது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகல. அதான் மாட்டிக்கிட்டிய."

மக்காச்சோளம் என்ற சொல்லில் கனகலட்சுமி நின்றுவிட்டாள். அந்த வெள்ளைக் கேனின் ஓரத்தில் சோளக்கதிர் படம் ஒன்று இருந்தது.

"குளுக்கோஸ் பாகு எதுல இருந்து செய்வாங்க?"

"இங்க பெரும்பாலும் மக்காச்சோளத்துல."

"அப்ப சீனிய ஊத்தினாலும் பாகை ஊத்தினாலும் மெஷினு ஒரே பதிலத்தான் சொல்லும்."

"ஆமா."

"யாரு ஊத்தினான்னு சொல்லாதா?"

"எந்த மாதிரிச் செடின்னு சொல்லும். எந்தக் கைன்னு சொல்லாது." அனுசியா பேனாவை மூடினாள். "ஆனா ஒரு வழி இருக்கு. டிரம்முலயும் பாட்டில்லயும் இருக்கறது கை பட்டது. பெட்டிக்குள்ள ஈ மெழுகு வச்சு மூடின அடை இருக்கும்லா, அது கை படாதது. அதுல ஒரு துண்ட அப்படியே அறுத்துக் குடு. எனக்குத் தெரிஞ்சவங்க மூலமா பெங்களூர் லேப்புக்கு அனுப்புறேன். அடையில கரும்பு இல்லன்னா, பெட்டியத் தாண்டின பொறவுதான் கலந்திருக்கு. அடையிலேயே இருந்தா…"

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. எந்தப் பதில் வந்தாலும் கனகலட்சுமிக்கு ஒருவர் இல்லாமல் போவார்.

துணி எதுவும் வாங்காமல் வீடு திரும்பினாள். "ஒண்ணும் பிடிக்கலையா?" என்று விக்னேஸ்வரன் கேட்டான். "பிடிக்கல" என்றாள். அவன் நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த வாரமே அவள் வத்திராயிருப்பு போனாள். டெஸ்டுக்கு அனுப்ப அடை வேண்டும் என்று கேட்டதும் முத்துப்பாண்டி மறுபேச்சில்லாமல் சரி என்றான். அந்த அவசரமே அவளுக்கு உறுத்தலாக இருந்தது. அவளே ஒரு பெட்டியைக் காட்டினாள், அவன் பெட்டியைத் திறந்து, மெழுகு மூடியிருந்த அடைச் சட்டத்தை வெளியே எடுத்தான். கத்தியை அவள் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நானே அறுக்கேன்."

"ஈ கொட்டிரும்க்கா."

"கொட்டட்டும்."

அவன் அக்காவை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "எனக்கும் அதுதான் வேணும். நீயே அறு, நீயே டப்பாவுல போடு, நீயே மூடு. முடிவு வந்ததும் மச்சான் மூஞ்சிய நான் பாக்கணும்." அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அவன் கலந்தவன் மாதிரித் தெரியவில்லை. அப்படியானால் வீட்டில் இருப்பவர்? பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, ஈயிடம் கொட்டு வாங்கிய விரலின் கடுப்பைவிட அந்த எண்ணம்தான் அதிகம் வலித்தது.

மாசி பிறந்து சில நாட்கள் கழித்து அனுசியா கூப்பிட்டாள். பேச்சைச் சுற்றி வளைக்கவில்லை.

"அடையிலயும் கரும்பு இருக்கு கனகு."

அவள் சமையலறைச் சுவரில் சாய்ந்தாள். முன்னறையில் விக்னேஸ்வரன் யாருடனோ பாட்டில் விலை பேசிக்கொண்டிருந்தான். இத்தனை வாரம் அவன் தட்டில் சோறு போடும்போதெல்லாம் தான் நினைத்தது எல்லாம் பொய். அந்த நிம்மதி ஒரு மூச்சுக்கு மேல் நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே சட்டத்தை நீட்டிய தம்பியின் முகம் வந்தது. மழை முடிந்த பிறகும் சீனிப்பாகு வைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். அடையில் தெரியாது என்று நினைத்திருக்கிறான். நீயே அறு என்று சொல்லும் அளவுக்கு நெஞ்சழுத்தம்.

புருஷனிடம் சொல்லவில்லை. முதலில் தம்பியின் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று மறுநாள் காலையில் கிளம்பினாள். வருவதாகத் தம்பிக்கும் சொல்லவில்லை.

தோப்பில் அவன் இல்லை. பெட்டிகளுக்குப் பக்கத்தில் எங்கேயும் சீனிப்பாகுத் தட்டு இல்லை. ஒவ்வொரு பெட்டியாகச் சுற்றிப் பார்த்தாள். ஒளித்துவைத்திருப்பான். மா பூத்துக் கிடந்தது. ஆனால் ஈக்களில் பாதி பூவைப் பார்க்காமல் தோப்புக்கு மேலே ஏறி, ஓடைக்கு அந்தப் பக்கம் பறந்துபோயின. அதைக் கண்டாலும் அவள் அப்போது பொருட்படுத்தவில்லை. தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருவரிடம் தம்பியைக் கேட்டாள்.

"முத்துப்பாண்டியா? ராக்கப்பன் கொட்டகைக்குப் போயிருப்பான். தெனமும் இந்நேரம் அங்கதான்."

"என்ன கொட்டகை?"

"வெல்லம் காச்சற கொட்டகை. ஓடையத் தாண்டினா புகை தெரியும்."

வெல்லம். அவள் கால்கள் தானாகவே வேகம் எடுத்தன. சீனி வாங்கினால் கடையில் தெரிந்துவிடும், கரும்புப் பாகு என்றால் யாருக்கும் தெரியாது. நடக்க நடக்க எல்லாம் பொருந்திவந்தது. கொட்டகைக்கு முன்னால் கரும்புச் சக்கை குவிந்து கிடந்தது. உள்ளேயிருந்து முத்துப்பாண்டி வெளியே வந்தான். கையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் கேன். அக்காவைப் பார்த்ததும் அதை முதுகுப் பக்கம் கொண்டுபோனான்.

"குடுலே அதை."

"அக்கா, நீ எப்ப வந்த…"

"குடுன்னேன்."

பிடுங்கி மூடியைத் திருகினாள். உள்ளே பாகு இருந்தது. பாகுக்குள் ஈக்கள். ஒன்றோடொன்று ஒட்டி, இறகு மடங்கி, கருத்து, அரைக் கேன் அளவுக்குத் தேனீக்கள். மேலே கிடந்த ஒன்றிரண்டு மட்டும் காலை அசைத்துக்கொண்டிருந்தன.

கொட்டகைக்குள்ளிருந்து ராக்கப்பன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, அவனத் திட்டாதீய. சாறு தொட்டியிலயும் கொப்பரையிலயும் விழுகுத ஈய தெனமும் கரண்டியால அள்ளிட்டுப் போறான். வலை கட்டச் சொல்லிக் கெஞ்சுதான். நான் எங்கிட்டு வலை கட்ட? எனக்கும் வெல்லத்துல ஈ கெடந்தா யாரு வாங்குவா?"

கனகலட்சுமி உள்ளே பார்த்தாள். சாறு நிற்கும் தொட்டியின் விளிம்பே தெரியாதபடி தேனீக்கள் மொய்த்திருந்தன. குடித்து முடித்தவை கனத்து எழும்பி, ஓடைப் பக்கமாக, மாந்தோப்பை நோக்கிப் பறந்தன.

"எங்கிட்ட ஏம்லே சொல்லல?"

"இந்தத் தோப்பு வேண்டாம்னு மச்சான் அப்பவே சொன்னாரு. நான்தான் பிடிவாதமா வச்சேன். ஈ சாவுதுன்னு தெரிஞ்சா சொல்லிக் காட்டுவாரு." அவன் கேனை வாங்கி, கிணற்றடி நிழலில் கொட்டி, தண்ணீர் தெளித்தான். "கழுவிக் காயவச்சா சிலது பொழைச்சுக்கும். பாகு குடிச்சா என்ன, ஈ கொண்டுவந்து வச்சா அதுவும் தேன்தானேன்னு நெனச்சேன்."

"தேன் இல்ல. அது கரும்போட கார்பன். ஈ வயித்துக்குள்ள போனாலும் அது மாறாது." அனுசியா சொன்னதை அவள் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு அடையின் முடிவைச் சொன்னாள்.

அவன் ஈரக் கையோடு நிமிர்ந்தான். "அப்ப மச்சான் ஒண்ணும் செய்யலையா?"

"நீயும் செய்யல."

"என்னையக் கள்ளன்னு நெனச்சுத்தான் இப்ப வந்தியா?"

"ஆமா."

அவன் குனிந்து, அசையும் ஈக்களை ஓர் இலையில் தனியாக எடுக்க ஆரம்பித்தான். அவளும் உட்கார்ந்து எடுத்தாள்.

வீட்டில் விக்னேஸ்வரனிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. துணிக்கடைப் பொய், அனுசியா, அடை, கொட்டகை எல்லாம் சொன்னாள். அவன் நடுவில் குறுக்கிடாமல் கேட்டான். கடைசியில் ஒரே கேள்வி கேட்டான்.

"அடையில ஒண்ணுமில்லன்னு வந்திருந்தா?"

"ஒங்களத்தான் நெனச்சிருப்பேன்."

அவன் முகம் சிறுத்துப்போனது. "அந்தக் கேன் நவநீதகிருஷ்ணனோடது. கடைக்கு வெள்ளையடிக்கும்போது வச்சுட்டுப் போனான். போன் போட்டுத் தாரேன், நீயே கேளு." போட்டும் கொடுத்தான். வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது. ஆனால் வாங்கிக் காதில் வைத்தாள், கேட்டாள். "ஆமாம்மா, தீபாவளிக்கு முந்தியே நான்தான் வந்து தூக்கிட்டுப் போனேன். ஏன், ஒழுகிருச்சா?" என்றார் நவநீதகிருஷ்ணன். அவள் போனைத் திருப்பிக் கொடுத்தபோது விக்னேஸ்வரன் அவளைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான். இரண்டு நாள் அவன் தட்டை அவனே எடுத்து வைத்துச் சாப்பிட்டான்.

சென்னைக் கம்பெனிக்கு உண்மையைச் சொன்னார்கள். ஈ செய்ததோ ஆள் செய்ததோ, மெஷினில் தேறாதது தேன் இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்த சரக்கைத் தேன் என்று விற்பதில்லை என முடிவானது. அதில் கொஞ்சத்தை, பூவில்லாத காலத்தில் ஈக்களுக்கே தீவனமாக வைக்கலாம் என்று முத்துப்பாண்டி எடுத்துக்கொண்டான்.

பெட்டிகளைக் கரும்பே இல்லாத சேத்தூர்ப் பக்கத்துத் தோப்பு ஒன்றுக்கு மாற்றுவது என்றானது. ஈக்களெல்லாம் பெட்டிக்குத் திரும்பும் பொழுது சாயும் நேரத்தில் வாசல்களை அடைத்து, மினி லாரியில் ஏற்றினார்கள். மச்சானும் மாப்பிள்ளையுமாக இருக்க வேண்டியவர்கள் அன்று பூரா அவள் மூலமாகவே பேசினார்கள். "அந்தப் பெட்டிய மேல வைக்கச் சொல்லு." "அது உடைஞ்சிரும்னு சொல்லுக்கா." அவள் இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு கட்டத்தில் வண்டியின் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பின்னாலிருந்து கயிறு மரத்தில் உரசும் ஒலி மட்டும் வந்தது. பிறகு முத்துப்பாண்டியின் குரல் கேட்டது.

"மச்சான், இந்த முனையப் பிடிங்க. தனியா இறுக்க முடியல."

கொஞ்சம் தாமதித்து, "விடு மாப்ள, பிடிச்சுட்டேன்" என்றான் விக்னேஸ்வரன்.